குப்புறப் படுத்துக் கல் தீட்டியவர்கள்

நியூயோர்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் 563 கரட் நிறையுள்ள நீலக்கல் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு தேசிக்காய் அளவு. சாம்பல் படிந்த நீலம். வெளிச்சம் விழும்போது அதன் முதுகில் ஆறு கதிர்களோடு ஒரு நட்சத்திரம் எழும்பி நிற்கும். அதற்கு 'இந்தியாவின் நட்சத்திரம்' என்று பெயர். ஆனால் அது இந்தியாவில் எடுக்கப்பட்ட கல் அல்ல, இலங்கையில் எடுக்கப்பட்டது! 1900ஆம் ஆண்டில் ஜே.பி. மோர்கன் என்ற வங்கி முதலாளி அதை நூதனசாலைக்குக் கொடுத்தார். 1964 ஒக்ரோபரில் ஜாக் மேர்பி என்பவரும் கூட்டாளிகளும் இரவோடிரவாக அதைத் திருடினார்கள். 1965 ஜனவரியில் மயாமி நகரத்துப் பஸ் நிலையத்தின் பொதிப் பெட்டகம் ஒன்றிலிருந்து அது மீட்கப்பட்டது. கொடுத்தவரின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. திருடியவரின் பெயரையும் வைத்திருக்கிறது. சேற்றுக் குழிக்குள் இறங்கி அதை எடுத்தவனுக்கும், சாணையில் வைத்து அந்த நட்சத்திரத்தை வெளியே கொண்டுவந்தவனுக்கும் மட்டும் பெயர் இல்லை.

'வெளியே கொண்டுவந்தவன்' என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. அந்த நட்சத்திரம் கல்லின் மேல் ஒட்டிய ஒன்றல்ல. நீலக்கல்லின் உள்ளே தலைமயிரைவிட மெல்லிய ஊசிகள் போல இன்னொரு கனிமம் மூன்று திசைகளில் படிந்திருக்கும். ஒவ்வொரு திசை ஊசியும் ஒவ்வொரு ஒளிக்கோட்டைத் திருப்பி அனுப்பும். மூன்று கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஆறு கதிர் தெரியும். ஆனால் கல்லின் அடியைச் சரியான திசை பார்த்துத் தட்டையாக்கி, மேற்பக்கத்தை ஒரே சீரான வளைவாக உருட்டினால்தான் இது தெரியும். திசை பிசகினால் நட்சத்திரம் ஓரத்தில் போய் ஒளிந்துகொள்ளும். வைரத்துக்குச் செய்வதுபோல் பட்டை பட்டையாக வெட்டினால் அடியோடு மறைந்துவிடும். வைடூரியத்தின் பூனைக்கண் கோடும், எமது மீட்டியாகொடைச் சந்திரகாந்தக் கல்லின் பால்நிற மினுக்கமும் இப்படித்தான். முதுகு உருண்டிருந்தால் மட்டுமே அவை உயிர்பெறும்.

இவ்வாறு முதுகு உருட்டிய கல்லை ஐரோப்பியர் 'கபோஷோன்' என்பார்கள். தலையைக் குறிக்கும் ஒரு பழைய பிரெஞ்சுக் கொச்சைச் சொல்லிலிருந்து வந்த பெயர். எமக்குள் நாம் அதை 'மொட்டைக்கல்' என்று சொல்லிக்கொள்கிறோம். பிழையான மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது! பட்டை தீட்டும் கலை ஐரோப்பாவில் வளர்ந்தது பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளுக்குப் பின்னர்தான். அதற்கு முன் அரசர்களின் முடியிலும் குருமாரின் மோதிரத்திலும் இருந்த கற்கள் பெரும்பாலும் மொட்டைக்கற்களே.

உணவகத்தில் வேலை செய்யும் அகதிகளுக்குக் கல்லோடு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். டுசல்டோர்ஃப் நகரின் உணவகங்கள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை ஓய்வுநாள். ஊரெல்லாம் வேலைக்குப் போகும் நாளில் குசினிக்காரனுக்கு விடுமுறை. அந்த நாளில் சொந்தக்காரர் வீட்டுக்கும் போக முடியாது, அவர்களுக்கு வேலை. கோவிலில் விசேஷம் இராது. படுத்துக் கிடக்கலாம், அல்லது ஊருக்கு ரெலிபோன் எடுத்து மணிக்கணக்காகக் கதைக்கலாம். இரண்டையும் பல வருடங்கள் செய்து முடித்த பின்னர், திங்கள் மாலைகளில் நடக்கும் கல் தீட்டும் வகுப்பொன்றில் நாம் மூன்று பேர் சேர்ந்தோம். மற்றவர்கள் எல்லோரும் ஓய்வூதியம் பெறும் ஜேர்மனியர். இது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த எமக்கு, கல்லைவிடக் கல்லின் கதை பெரிதாகிவிட்டது.

வேலை என்னவோ எளிமையானது. வைரத்தூள் பதித்த வாளால் கல்லைப் பலகைபோல் அரிய வேண்டும். நீள்வட்ட அச்சை வைத்துக் கீற வேண்டும். சுற்றியுள்ளதை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சியதை ஒரு சின்னக் குச்சியின் நுனியில் சூடான மெழுகால் ஒட்ட வேண்டும். பின்னர் சாணை. முதலில் கரடுமுரடானது, பிறகு ஒன்றைவிட ஒன்று மென்மையானதாக ஐந்தாறு சாணைகள். கடைசியில் சீரியம் ஒக்சைட் என்ற தூளைத் தண்ணீரில் குழைத்துத் தோல் அல்லது கம்பளி வட்டில் பூசி மெருகு. முழு நேரமும் கை சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றால் முதுகில் தட்டை விழும். ரொட்டி மாவை உருட்டுகிறவனுக்கும் பத்து வருடம் கோப்பை கழுவியவனுக்கும் இந்தச் சுழற்சியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 'இதை முன்பு எங்கே பழகினீர்கள்?' என்று சொல்லித் தருகிற முதியவர் கேட்டார். குசினியில் என்றோம். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்மவருக்குக் கல் என்பது எப்போதும் கழிவுதான். அடகுக்கடையில் அட்டியலைத் தராசில் போட்டால் முதலில் கல்லின் நிறையைக் கழிப்பார்கள். பொன்னுக்குத்தான் காசு. எத்தனையோ குடும்பங்கள் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க நகை விற்றபோது, அந்தச் சிவப்புக் கற்கள் கணக்கில் வராமலே போயின. அவற்றிற் பெரும்பாலானவை மண்ணிலிருந்து வந்தவையும் அல்ல. 1902இல் வெர்நொய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினியம் ஒக்சைட் தூளைத் தீச்சுவாலைக்குள் சொரிந்து செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அந்தக் கல்லைத் திருச்சிராப்பள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு சாணை வைத்துத் தீட்டினார்கள். எமது ஊர்ப் பத்தர்களின் பட்டறைக்கு வந்த சிவப்பு இப்படிப்பட்டதுதான். அதற்குள்ளும் ஒரு திருச்சிக் குடும்பத்தின் முழு வருட உழைப்பு இருந்தது. தராசுக்கு அது தெரியாது.

நாம் தீட்டிய முதற் கல் கடையில் வாங்கியதல்ல. 2022 ஆகஸ்டில் ரைன் நதி வற்றிப் போயிருந்தபோது டுசல்டோர்ஃப் கரையில் கூழாங்கற்கள் ஏராளமாக வெளியே தெரிந்தன. அவற்றுள் சில, நனைத்துப் பார்த்தால் வெங்காயத் தோல்போல வரி வரியாகச் சிவந்திருக்கும். அவை அகேற் கற்கள். ரைன் பள்ளத்தாக்கு வழியே பல நூறாயிரம் ஆண்டுகள் உருண்டு வந்தவை. தெற்கே ஹுன்ஸ்றுக் என்ற மலைநாட்டின் எரிமலைப் பாறைகளிலிருந்து நாஹே ஆறு அவற்றைக் கழுவிக்கொண்டுவந்து பிங்கன் நகரருகே ரைனில் சேர்க்கிறது. கல்லும் இங்கே வந்து ஒதுங்கியதுதான் என்று எம்மில் ஒருவர் சொன்னார். அந்த நாஹே ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது இடார்-ஓபர்ஸ்ரைன் என்ற சிறு நகரம். உலகத்துக் கல் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எமது மூத்தவர்கள் அகதி வழக்கு முடியும்வரை தமக்கென்று குறித்த எல்லையைவிட்டு அனுமதியின்றி வெளியேற முடியாது. அடுத்த நகரத்துச் சொந்தக்காரரின் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் கடிதம் வாங்க வேண்டும். எமக்கோ 2023 மே மாதம் 49 யூரோவுக்கு நாடெங்கும் உள்ளூர் ரயிலில் போகும் ரிக்கற் வந்தது. ஒரு திங்கட்கிழமை விடியற் புறப்பட்டு, கொலோன் தாண்டி, ரைன் ஓரமாகப் போய், நாஹே பள்ளத்தாக்குக்குள் ரயில் நுழைந்தபோது மத்தியானம் நெருங்கிவிட்டது.

ஓபர்ஸ்ரைனில் செங்குத்தான பாறையின் நடுவில் பதினைந்தாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று குருவிக்கூடுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நாம் தேடிப் போனது பழைய தண்ணீர்ச் சாணை ஆலையை. இடார் ஓடையின் கரையில் ஒருகாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன. தண்ணீர்ச் சக்கரம் சுழல, அதன் அச்சில் மாட்டிய சிவந்த மணற்கல் சாணைகள் சுழலும். ஒவ்வொன்றும் ஒன்றரை மீற்றர் விட்டம், யானைக்குட்டி நிறை. தீட்டுகிறவன் அதன் முன்னால் இருப்பதில்லை, நிற்பதுமில்லை. நெஞ்சையும் வயிற்றையும் தாங்கும் ஒரு சாய்மரத்தின்மேல் குப்புறப் படுத்துக்கொள்கிறான். நிலத்தில் அறைந்த கட்டையில் கால்களை உதைத்து, உடம்பின் முழுப் பலத்தையும் கைகளுக்குக் கொண்டுவந்து, கல்லைச் சாணையில் அமத்துகிறான். முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் சாணை சுழல்கிறது. அதன்மேல் தண்ணீர் ஓயாமல் வடிகிறது. குளிர்காலத்திலும் அதே தண்ணீர்தான்.

அகேற் ஏறத்தாழ இரும்பு வாளைவிடக் கடினம். 1812இல் மோஸ் என்ற ஜேர்மன் கனிமவியலாளர் வகுத்த அளவுகோலில் அது 7க்குச் சற்றுக் கீழே. நீலக்கல் 9, வைரம் 10. அவ்வளவு கடினமான கல்லை மணற்கல்லில் தேய்ப்பதற்குக் கைப்பலம் போதாது. ஆகவேதான் மனிதன் தன்னையே ஒரு நெம்புகோலாக்கிக் கிடந்தான். அழுத்தம் கூடும்போது அகேற்றுக்குள் செம்மஞ்சள் ஒளி ஒன்று எரியும். இருட்டறையில் இரண்டு வெண் பளிங்குக் கற்களை உரசிப் பார்த்தால் வாசகர்களும் அந்த ஒளியின் மெல்லிய வடிவத்தைக் காணலாம். படுத்துக் கிடந்தவனுக்கு அந்த வெளிச்சம் ஒரு அளவு. இவ்வளவு அமத்தினால் போதும் என்று அது சொல்லும். அந்தத் தொழிலில் அவனுக்குக் கிடைத்த ஒரேயொரு அழகு அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மணற்கல் சாணைகள் சிலவேளை சுழன்றுகொண்டிருக்கும்போதே வெடித்துப் பிளந்தன. அப்படிப் பிளந்தால் முன்னால் படுத்திருப்பவன் பிழைப்பது அரிது. வெடிக்காவிட்டாலும் நெஞ்சு தப்பாது. ஈரம், குளிர், நசுங்கிய மார்பு, இவற்றோடு சாணையிலிருந்தும் கல்லிலிருந்தும் பறக்கும் நுண்தூள். கல்தீட்டிகளின் நெஞ்சுநோய் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த சொல். கோடையில் ஓடை வற்றினால் ஆலை நிற்கும், கூலி நிற்கும். அப்போது உருளைக்கிழங்குத் தோட்டம். ஆலை பெரும்பாலும் ஒருவனுக்குச் சொந்தமில்லை. பல குடும்பங்கள் பங்கு வைத்திருந்தன. வியாபாரி வேறு ஆள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளூர்க் கல் குறைந்துகொண்டு போனது. ஊர் பட்டினியில் விழுந்தது. இரத்தினபுரியில் 'இல்லம' வற்றிய கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். 1824இல் பிரேசிலின் தெற்கு மாநிலமான ரியோ கிறாண்டே டோ சுல் பகுதியில் சாவோ லியோபோல்டோ என்ற ஜேர்மன் குடியேற்றம் தொடங்கியிருந்தது. ஹுன்ஸ்றுக்கிலிருந்து போனவர்கள் கடனாளிகள், காணியற்றவர்கள். எட்கர் றைற்ஸ் என்ற இயக்குநர் 2013இல் இந்த வெளியேற்றத்தைப் பற்றி நான்கு மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுத்திருக்கிறார். இன்று பொருளாதார அகதி என்ற சொல்லைக் காறித் துப்புவதுபோல் உச்சரிக்கும் அரசியல்வாதிகளுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும்.

இடாரிலிருந்து போனவர்கள் 1827இல் அந்தப் புதிய நாட்டில் ஆற்றுப் படுகையிலும் வயலிலும் கிடந்த உருண்டைக் கற்களைப் பார்த்தார்கள். மற்றவனுக்கு அது வெறுங்கல். கல்தீட்டியின் பிள்ளைக்கு அது என்னவென்று தெரியும். உடைத்துப் பார்த்தார்கள்: அகேற்! ஊரில் கண்டதைவிடப் பெரிது, வரிகள் சீரானவை. 1834இல் முதல் தொகுதி இடாருக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பாவுக்குத் திரும்பும் கப்பல்களில் பாரச் சமநிலைக்காகப் போடும் கல்லாகவே அதை ஏற்றினார்கள். செலவு சொற்பம். பசியில் துரத்தப்பட்டவர்கள் அனுப்பிய கல், துரத்திய ஊரைக் காப்பாற்றியது. உண்டியலிற் காசு அனுப்பும் எமக்கு இந்தக் கணக்கு விளங்காததல்ல.

பிரேசில் கல்லில் ஒரு குறை இருந்தது. பெரும்பாலும் சாம்பல் நிறம், யார் வாங்குவான்? இங்கேதான் இடார்க்காரர்களின் கெட்டித்தனம். அகேற் பார்ப்பதற்குக் கெட்டியானது. ஆனால் உண்மையில் கண்ணுக்குத் தெரியாத நார்களால் ஆனது, நார்களுக்கிடையில் நுண்துளைகள் உண்டு. தேன் அல்லது சீனிப்பாகில் கிழமைக்கணக்காக ஊறவைத்துப் பின்னர் கந்தக அமிலத்தில் போட்டால், துளைக்குள் போன சீனி கரியாகிக் கல் கறுக்கும். இரும்பு உப்பில் ஊறவைத்துச் சூடாக்கினால் சிவக்கும். வேறு உப்புகளால் நீலம், பச்சை. எந்தத் துளை எவ்வளவு குடிக்கும் என்பது வரிக்கு வரி மாறும். ஆகையால் ஒரே கல்லில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும். தேனில் கல்லை வேகவைக்கும் வித்தையை உரோமரான பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். இடாரில் அது தொழிற்சாலை ஆனது. இன்று கடைகளில் 'ஒனிக்ஸ்' என்று விற்கும் கறுப்பு மொட்டைக்கற்களிற் பெரும்பாலானவை சீனி குடித்த சாம்பல் அகேற்றுகளே. பிரேசிலில் பிறந்து, இடாரில் நிறம் மாறி, உலகச் சந்தையில் ஜேர்மன் கல்லாக உலாவியவை.

நிறமாற்றம் என்றதும் இலங்கையின் 'கெவுட' நினைவுக்கு வருகிறது. பால்போல் கலங்கிய, மதிப்பில்லாத நீலக்கல் வகை அது. இரத்தினபுரி வியாபாரிகள் அதைப் பொருட்படுத்தியதில்லை. எழுபதுகளில் தாய்லாந்துக்காரர் வந்து அற்ப விலைக்கு மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். பாங்கொக் கொண்டுபோய் 1600, 1700 பாகை வெப்பத்தில் வாட்டியபோது உள்ளிருந்த கலங்கல் கரைந்து, கல் ஆழ்ந்த நீலமாகியது! 1971இல் சட்டம் இயற்றிக் கொழும்பில் அமைத்த அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் ஏற்றுமதியைக் கண்காணித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இது நடந்தது. குழி தோண்டியவனுக்குக் கிடைத்தது கூழாங்கல் விலை. அங்கும் காணிக்காரன், அனுமதிக்காரன், காசு போட்டவன், தண்ணீர் இறைக்கும் பம்புக்காரன் எல்லோரும் பங்கு எடுத்த பின்னர்தான் குழிக்குள் நின்றவர்களின் பங்கு. பேருவளையில் முஸ்லிம் தீட்டுகாரர்கள் தலைமுறை தலைமுறையாக வில்லால் இழுத்துச் சுழற்றும் சாணையில் ஒற்றைக் கையால் கல்லைப் பிடித்துத் தீட்டி வந்தவர்கள். நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்பதை வெயிலில் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எமது வகுப்பிலோ அதற்கு ஒரு சிறு விளக்கும் ஒரு மணி நேர விளக்கமும்.

இடாரின் வியாபாரம் ஆபிரிக்காவுக்குப் போன கதை இன்னும் விசித்திரமானது. குஜராத்தின் கம்பாத் துறைமுகத்தில் மணிக்கல் தீட்டுவது பழைய தொழில். அங்கே செய்த சிவப்புக் கற்பதக்கங்களும் மணிகளும் அரபுக் கப்பல்களில் கிழக்கு ஆபிரிக்காவுக்கும், ஒட்டகங்களில் சகாராவைக் கடந்து மேற்குக்கும் போயின. பாலைவனத்து நாடோடிகள் அவற்றைத் தாயத்துப்போல் அணிந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் ஆபிரிக்காவைப் பங்கு போட்டபோது, ஜேர்மன் வியாபாரிகள் கம்பாத் மணியின் மாதிரியை இடாருக்குக் கொடுத்தார்கள். சாயமேற்றிய பிரேசில் அகேற்றில் அதே வடிவம், அதே சிவப்பு. இந்திய வடிவம், பிரேசில் கல், ஜேர்மன் தண்ணீர்ச் சக்கரம், ஆபிரிக்கக் கழுத்து! அந்த மணிகளுக்குப் பதிலாகப் போன பொருட்களின் கணக்கை எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரையாகிவிடும்.

கம்பாத்தின் தொழில் எவ்வளவு பழையது என்பதற்கு எல்லையில்லை. அந்தக் குடாவின் மேல்முனையில் இருக்கும் லோதலில், நாலாயிரம் வருடத்துக்கு முந்திய சிந்துவெளி மணிப்பட்டறை தோண்டியெடுக்கப்பட்டிருக்கிறது. குஜராத்தின் சிவப்புக்கல் தெற்கே தமிழகம் வரை வந்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வுகளில் பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, அகேற், சூதுபவளம் எல்லாம் கிடைத்தன. மூலக்கல்லாக, பாதி தீட்டியதாக, துளைக்கும்போது உடைந்ததாக, முடிந்த மணியாக என்று எல்லாப் படிநிலைகளிலும் கிடைத்ததால் அங்கே பட்டறை இருந்தது உறுதி. பதிற்றுப்பத்து அந்த ஊரைக் 'கொடுமணம்' என்று அறிந்திருக்கிறது. சிலப்பதிகாரம் மதுரையின் மணிக்கடைத் தெருவில் கற்களின் குற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறவர்களைக் காட்டுகிறது. வாங்குகிறவனின் கண் அது. கொடுமணலில் மட்டும் ஒரு சிறு ஆறுதல் உண்டு. நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது கல் தீட்டியவனுடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறோம். ஆசைக்கு ஆதாரம் தேவையில்லைத்தானே!

கம்பாத்தில் தொழில் இன்னும் சாகவில்லை. நிலத்தில் சாய்வாக நட்ட இரும்பு முனையில் கல்லை வைத்து, எருமைக் கொம்பில் செய்த சுத்தியலால் தட்டிச் செதுக்குகிறார்கள். அதற்கு முன் கல்லை வெயிலில் காயப் போட்டு, மட்பானையில் வைத்துச் சாண எருவின் கணகணப்பில் வாட்டிச் சிவக்க வைப்பார்கள். கல் வரும் ரத்தன்பூர்க் குன்றில் பாவா கோர் என்ற பெரியாரின் தர்கா இருக்கிறது. அவர் அபிசீனியாவிலிருந்து வந்தவர் என்பது மரபு. கல் வியாபாரத்தை வளர்த்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். கடல் கடந்து வந்த ஓர் ஆபிரிக்கர் குஜராத்துக் கல்லுக்குக் காவல் நிற்கிறார்!

இந்த அழகான கதையின் மறுபக்கம் இடாரிலிருந்து வேறுபட்டதல்ல. கம்பாத்தில் பெரும்பாலும் வீடுதான் பட்டறை. மின்சாரச் சாணை வந்த பிறகு வேகம் கூடியது, தூளும் கூடியது. தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த கல்லைத் தீட்டுகிறார்கள். மணிக்கு இத்தனை என்று கூலி. பறக்கும் சிலிக்காத் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானது. நுரையீரலின் கடைசி அறை வரை போய் ஒட்டிக்கொள்ளும். உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பு கட்டிய இடம் மூச்சுக்கு உதவாது. சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய்க்கு மருந்தில்லை. தூளைவிட்டு விலகிய பின்னரும் அது வளரும், காசநோயையும் கூட்டிக்கொண்டு வரும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் கம்பாத் தொழிலாளர்களை ஆராய்ந்து இந்த நோயைப் பதிவு செய்திருக்கிறது. தூளை உறிஞ்சும் கருவியும் அமைத்துக் காட்டியது. வீடே பட்டறை என்பதால் சாணையைத் தொடாத மனைவிக்கும் பிள்ளைக்கும் அயலவருக்கும்கூட நோய் வருகிறது.

இடாரில் 1900ஆம் ஆண்டையொட்டி மின்சாரம் வந்தது. அமெரிக்கரான அச்செசன் 1890களில் கண்டுபிடித்த கார்பொரண்டம் என்ற செயற்கைச் சாணைப்பொருளும் வந்தது. இனி உடம்பின் பாரம் தேவையில்லை. குப்புறப் படுத்தவன் எழும்பிக் கதிரையில் உட்கார்ந்தான். ஓடைக்கரை ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1933இல் நாஜி ஆட்சி இடாரையும் ஓபர்ஸ்ரைனையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்து ஒரே நகரமாக்கியது. போருக்குப் பின் கூலி உயர்ந்தது, தொழிற்சட்டம் வந்தது. இன்று இடார் ஒரு வியாபார நகரம், ஆய்வுகூட நகரம். மிகப் பெறுமதியான கற்களை அங்கேயே வெட்டுகிறார்கள். மலிவான கற்களும் மணிமாலைகளும் ஆசியாவில் தீட்டப்பட்டு வருகின்றன. அதாவது, தூள் இடம் மாறியிருக்கிறது.

நாம் போன பழைய ஆலையில் ஒருவர் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சாய்மரத்தில் குப்புறப் படுத்துச் சில நிமிடங்கள் கல் தீட்டிக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். வாசற்பக்கக் கடையில் சிவப்பு மணிமாலைகள் தொங்கின. ஒன்றை எடுத்துப் பார்த்தோம். விலை ஒன்பது யூரோ. சீட்டில் 'இந்தியா' என்று மட்டும் இருந்தது.

டுசல்டோர்ஃப் வகுப்பில் சாணையைப் போடுமுன் செய்ய வேண்டியவை சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. முதலாவது, தண்ணீரைத் திற. இரண்டாவது, முகமூடி. வகுப்பு முடிந்ததும் சாணைத் தொட்டியில் தேங்கிய சாம்பல் சேற்றைக் காயவிடாமல் ஈரத்தோடு வழித்து, மூடியுள்ள வாளியில் போட வேண்டும். காய்ந்தால் பறக்கும். அந்த வேலையை நாம் மூன்று பேரும் கேட்காமலே செய்கிறோம், கழுவித் துடைப்பது எமக்குப் பழக்கம்.